ஆட்டுக்கொல்லி நோய்: தெரிந்திருந்தும் பரவுவது ஏன்?

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில், மானாவாரிப் பயிர் பொய்த்துவிட்ட ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்குவது ஆடுதான். இளையரசனேந்தல் சுற்று வட்டாரத்துக்கு உரியது கன்னி ஆடு. கறுத்த உடலும் முகத்தில் வெள்ளைக் கோடும் கொண்டது பால்கன்னி. கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும் இந்த ஆடுகளை ஓரிரு வாரங்களில் பட்டி பட்டியாகச் சாய்க்க வல்லது ஆட்டுக்கொல்லி நோய்.

இந்நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987-ஆம் ஆண்டு விழுப்புரம் பக்கத்திலுள்ள அரசூரில் நோயுற்ற ஆடுகளில் இது தெரியவந்தது. மாட்டு வெக்கை நோயை உண்டாக்கிய வைரசுக்கும், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரசுக்கும் இந்த வைரஸ் நெருங்கிய உறவு. ஆயினும் இது மனிதருக்குத் தொற்றுவதில்லை.

நோய்க் கிருமி உடலில் புகுந்த நான்கு முதல் ஆறு நாட்களில் கடும் காய்ச்சல் காணும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீராக வடிந்து, பின்னர் சளி கெட்டியாகி மூக்குத் துவாரத்தை அடைக்கும். வாயினுள் புண் ஏற்பட்டுத் துர்நாற்றம் வீசும். தொடர்ந்து கழிச்சலும் இளைப்பும் உண்டாகும். சினை ஆடுகள் கருவை வீசிவிடும். மழைக்காலத்தில் சளியும் கழிச்சலும் ஆடுகளுக்குச் சாதாரணமாக வருவதால், "புதுப்புல் மேய்ந்தது, குளிர் தட்டிவிட்டது" என்று பலர் முதல் இரண்டு நாளை விட்டுவிடுகிறார்கள். அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளில் கண்டால் அது குளிர் அல்ல.

விற்றுவிடும் வழக்கம்

இந்நோய் ஒட்டுவாரொட்டி என்பது அனுபவமுள்ள ஆடு வளர்ப்போருக்குத் தெரியாததன்று. அப்படியிருந்தும் முதல் ஆடு படுத்ததும் பலர் செய்வது, மற்ற ஆடுகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதுதான். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டிலும் இதே நிலைதான். முகக்கவசம் எதற்கு என்று கேட்டால் சரியான விடை சொல்லத் தெரிந்தவர்களே அதைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு.

பட்டியில் ஒரு ஆடு நோயுற்றிருக்கும்போது, பக்கத்தில் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் ஆடுகளுக்குள்ளும் கிருமி புகுந்திருக்கலாம். அறிகுறி வெளியில் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவை கிருமியைக் கக்கத் தொடங்கிவிடும். சந்தையில் பார்வைக்கு நல்ல ஆடாகவே விலை போகும். எட்டயபுரம் போன்ற பெரிய சந்தைகளில், தீபாவளியை ஒட்டிய நாட்களில் பல ஊர் ஆடுகள் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கின்றன. அங்கு வாங்கப்பட்ட ஆடு மறுநாளே வேறொரு ஊர்ப் பட்டியில் மற்றவற்றோடு ஒரே தொட்டியில் நீர் குடிக்கும். இந்த வைரஸ் வெயிலில் வெகு நேரம் உயிர்த்திருப்பதில்லை. ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் உயிருள்ள ஆட்டின் மூலமாகத்தான்.

விற்பவரைப் பழிப்பது எளிது. கையில் பத்து ஆடு மட்டுமே உள்ளவரிடம் "விற்காதே" என்பது, ஊருக்காக நட்டத்தை நீயே ஏற்றுக்கொள் என்று சொல்வதாகும். நோய் வந்தபின் சொல்லும் இந்தப் புத்திமதியை அவர் கேட்கமாட்டார். ஆகவே பேச வேண்டியது நோய் வருவதற்கு முன்.

ஊசியைப் பற்றிய அச்சங்கள்

தடுப்பூசி உள்ளூரிலேயே கிடைக்கிறது. அரசூரில் எடுத்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி உருவாக்கியது. ஆடு ஒன்றுக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில் போட்டால் சுமார் மூன்று ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

"ஊசி போட்டார்கள், நாலாம் நாள் செத்தது" என்ற பேச்சு கிராமங்களில் உண்டு. பக்கத்துப் பட்டியில் நோய் கண்ட பிறகு ஓடிவந்து ஊசி போடும்போது, சில ஆடுகளில் கிருமி ஏற்கெனவே புகுந்திருக்கும். தடுப்பூசி வேலை செய்யும் முன் நோய் முந்திக்கொள்கிறது. பழி ஊசியின் மேல் விழுகிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஊரில் நோய் இல்லாத சமயத்தில் போட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கு இடமிராது. கருக்கலையும் என்று அஞ்சிச் சினை ஆடுகளை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. நிறைமாத ஆட்டை முரட்டுத்தனமாகப் பிடிக்கக்கூடாது என்பது சரிதான். அதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டு அவர் யோசனைப்படி செய்யலாம். கருவை வீசச் செய்வது நோயே.

மூன்று ஆண்டு பாதுகாப்பு என்பது ஆட்டுக்குத்தான், பட்டிக்கு அல்ல. கிடாக்கள் விற்றுப்போக, குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஓரிரு ஆண்டில் பட்டியில் பாதி ஊசி காணாத ஆடுகளாகிவிடும். தாய்ப்பால் தரும் பாதுகாப்பு தேய்ந்து, குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் ஊசி போட வேண்டும்.

இப்படித் தொடர்ந்து ஊசி போட்டுத்தான் மாட்டு வெக்கை ஒழிந்தது. இந்தியாவில் 1995-க்குப் பின் அது காணப்படவில்லை. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன.

நோய் வந்துவிட்டால் நோயுற்ற ஆட்டைப் பிரித்துத் தனியே கட்டி, கேப்பைக் கூழும் உப்பு சர்க்கரை கலந்த நீரும் கொடுக்கலாம். கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். வைரசைக் கொல்லும் மருந்து இல்லையென்றாலும், பின்தொடரும் சளிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. அது பல ஆடுகளைக் காப்பாற்றும். வேப்பிலைப் புகை போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. செத்த ஆட்டை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி மேய்ப்பது நல்லது. சந்தைக்குப் போய் விலை படியாமல் திரும்பும் சொந்த ஆட்டை யாரும் இப்படித் தனியே வைப்பதில்லை. அதுவும் அன்று முழுவதும் பல ஊர் ஆடுகளோடு நின்று வந்ததுதான்.