பெரிய சனிக்கிழமை

பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவே ஒரு நாள் உண்டு. தீவகத்து இல்லங்களில் அது பலகாரஞ் சுடும் நாள். புத்தாடையைப் பெட்டியினின்று எடுக்கும் நாள்.

திருச்சபைக்கோ அது கல்லறையருகே காத்திருக்கும் நாள். பீடத்தில் விரிப்பில்லை, பகலிற் பூசையில்லை. இந்த மௌனமும் இடையிற் பல நூற்றாண்டுகள் குலைந்தே கிடந்தது. உயிர்ப்பின் திருவிழிப்பைச் சனி காலையிலேயே முடித்து, பட்டப்பகலிற் பாஸ்காத் திரி ஏற்றினார்கள்! பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இற் பரீட்சார்த்தமாகவும், 1956 முதல் எங்கும் விதியாகவும் அதனை இரவுக்கே மீட்டளித்தார். சனிக்கிழமை மீண்டும் காத்திருப்பின் நாளாயிற்று.

காத்திருப்பு இன்னதென்பதை அல்லைப்பிட்டி அறியும். 2006 ஆகஸ்ட் 13ஆந் திகதி, அங்குள்ள புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயமுற்றோரை மருத்துவமனை சேர்க்க மன்றாடிய பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகளார், அம்மாதம் 20ஆந் திகதி உதவியாளர் ஒருவருடன் காணாமற்போனார். இருவரும் திரும்பவில்லை.

கலிலேயாப் பெண்கள் அடக்கஞ்செய்த இடத்தைத் தம் கண்ணாற் கண்டிருந்தார்கள். பரிமளத் தைலத்தையும் ஆயத்தஞ்செய்து, ஓய்வுநாள் ஒன்று கழியும்வரையே காத்திருந்தார்கள். அல்லைப்பிட்டியில் தேடுவோருக்கு அந்த இடமும் தெரியாது.