அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே

பணி ஓய்வு பெறும் நாளோடு, அலுவலகம் அளித்துவந்த குழு மருத்துவக் காப்பீடும் நம்மில் பலருக்கு முடிந்துவிடுகிறது. மருத்துவச் செலவு கூடும் காலமோ அதன் பிறகே தொடங்குகிறது.

முதியோருக்கென மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை அறிமுகப்படுத்தியது. 70 வயது நிறைந்த எவரும், வருமான வரம்பின்றி இதில் சேரலாம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தம்பதியர் இருவரும் எழுபதைக் கடந்திருப்பின் அத்தொகை இருவருக்கும் பொதுவானது. முன்பே உள்ள நோய்களுக்கும் காத்திருப்புக் காலம் இல்லை. தனியார் காப்பீடு வைத்திருப்போரும் சேரலாம். மத்திய அரசு சுகாதாரத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களின் பயனாளிகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதிவுக்கு ஆதார் போதுமானது, கட்டணம் இல்லை. ஆயுஷ்மான் செயலியிலோ, திட்டத்தில் இணைந்த மருத்துவமனையிலோ பதியலாம். உதவி எண் 14555. ஆதாரில் உள்ள பிறந்த தேதியே வயதைத் தீர்மானிக்கும் என்பதால், பிழையிருப்பின் முன்னதாகவே திருத்திக்கொள்வது நலம். பதிவுக்கு வங்கிக் கணக்கின் கடவுச்சொல் தேவையில்லை. எவர் கேட்டாலும் தர வேண்டாம்.

இத்திட்டம் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. மாதந்தோறும் வாங்கும் மருந்துகளுக்கு நம் சேமிப்பே துணை.

அறுபதில் ஓய்வு பெறுவோர் இந்த அட்டைக்காகப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் தனிநபர் காப்பீட்டை, பணியில் இருக்கும்போதே எடுத்து, தவணை தவறாமல் புதுப்பித்து வருவோம்.