தடை நீங்கிய பின்னும் தயங்கும் மனம்



தலைமன்னார், எருக்கலம்பிட்டி, தாராபுரம் பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களோடும் கருவாட்டு வியாபாரிகளோடும் பேசும்போது ஒரு வசனம் அடிக்கடி என் காதில் விழுகிறது. "அதெல்லாம் நமக்குச் சரி வராது காக்கா." கொழும்பு மொத்த வியாபாரிக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பலாமே என்றால் இந்தப் பதில். கருவாட்டைச் சுத்தமாகப் பொதி செய்து, பெயர் ஒட்டி விற்கலாமே என்றாலும் இதே பதில். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் இல்லை. ஒருமுறையாவது செய்து பார்த்தீர்களா என்றால் அதுவும் இல்லை. முடிவு மட்டும் உறுதியாக இருக்கிறது.

கடனில் போன காசு கொப்பியில் தெரியும். பழுதாகிப்போன சரக்கும் தெரியும். ஆனால் தயக்கத்தால் செய்யாமல் விட்ட வியாபாரம் எந்தக் கொப்பியிலும் பதிவாவதில்லை. நமது ஊர்களில் மிகப் பெரிய நட்டம் அதுதான் என்பது என் கருத்து. ஆகவே, இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

நான்கு வாசல்கள்

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977ஆம் ஆண்டு ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளால் உருவாகிறது என்றார் அவர். அதே நான்கு வாசல்களாலும்தான் 'என்னால் முடியாது' என்பதும் உள்ளே வருகிறது.

முதலாவது, சொந்த அனுபவம். நான்கிலும் இதுவே பலமானது. நமது பகுதிக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, கடை, வள்ளம் அனைத்தையும் விட்டுச் சென்றார்கள். மன்னார் தீவின் மக்கள் பலர் கடல் வழியாகக் கல்பிட்டியில் போய் இறங்கினார்கள். பல வருட உழைப்பு சில நாட்களில் போய்விட்டது. 'சேர்த்து வைத்தால் போய்விடும்' என்ற பாடம் அன்று மனதில் விழுந்தது.

இரண்டாவது, நம்மைப் போன்றவர்களைப் பார்ப்பது. பக்கத்துக் கடைக்காரர் வளர்ந்தால் நமக்கும் துணிவு வரும். ஆனால் நம்மவர்களில் முன்னேறிய பலர் கொழும்பிலும் புத்தளத்திலும் வெளிநாட்டிலுமே தங்கிவிட்டார்கள். அவர்களின் வளர்ச்சி நம் தெருவில் தெரிவதில்லை. இங்கே மூடிய கடையின் கதவு மட்டும் தினமும் கண்ணில் படுகிறது.

மூன்றாவது, பெரியவர்களின் பேச்சு. "வீண் வேலை பார்க்காதே", "இருப்பது போதும்" என்று ஒரு வாப்பா மகனுக்குச் சொல்வது அன்பினால்தான். தான் பட்டதை மகன் படக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் மகன் கேட்டு வைத்துக்கொள்வது, 'நான் கெட்டிக்காரன் இல்லை' என்பதை.

நான்காவது, உடம்பு. வங்கி முகாமையாளர் முன்னால் உட்காரும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புதிய இடத்தில் எவருக்கும் வருகின்ற படபடப்புத்தான் அது. ஆனால் நாம் அதை 'எனக்கு இது ஒத்துவராது' என்று மொழிபெயர்த்து விடுகிறோம்.

கற்ற பாடம் மறக்காதது ஏன்?

1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். தப்பவே வழியில்லாதபடி சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பிறகு, ஒரு சிறிய தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற இடத்தில் அவற்றை விட்டார்கள். வழி திறந்திருந்தும் அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்துக்கொண்டு வலியைத் தாங்கின. முன்பு எந்த அதிர்ச்சியும் பெறாத நாய்களோ சீக்கிரமே தாண்டப் பழகிக்கொண்டன.

இதை வாசித்தபோது எனக்கு நமது கரையோரம்தான் நினைவுக்கு வந்தது. இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். 1914இல் ரயிலும் கப்பலும் இணைந்து ஓடத் தொடங்கியதிலிருந்து தலைமன்னார் ஒரு வியாபார வாசலாக இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. யுத்த காலத்தில் கடலுக்குப் போவதற்கும் ஆயிரம் கட்டுப்பாடுகள். ஒரு தலைமுறை முழுவதும், எதை முயன்றாலும் ஏதோ ஒன்று வந்து தடுத்தது. தயங்கியவர்கள் அன்று பிழை செய்யவில்லை. அன்றைய நிலைமைக்கு அது புத்திசாலித்தனம்.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மீண்டும் வந்தது. ஆனால் 1990இல் எழுதிய பாடத்தை மனம் இன்னும் அழிக்கவில்லை.

இந்த ஆய்வுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. ஏறத்தாழ ஐம்பது வருடங்களின் பின்னர், 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப் போவது கற்றுக்கொண்ட குணம் அல்ல, அது மூளையின் இயல்பான பதில் என்றார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது 'என் செயலால் மாற்றம் வரும்' என்பதைத்தான். அதாவது, தயக்கம் ஒரு பிறவிக் குறை அல்ல. துணிவு பழகினால் வரக்கூடியது.

உண்மையான தடையும் மனத்தடையும்

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாத் தடையும் மனதில் இருப்பதல்ல. முதல் இல்லாமை, காணிப் பத்திரப் பிரச்சினை, சந்தைக்கு உள்ள தூரம் எல்லாம் நிஜமானவை. வட்டியைத் தவிர்ப்பது தயக்கம் அல்ல, அது நமது கொள்கை. ஆனால் வட்டியைக் காரணம் காட்டி, முளாரபா, முஷாரகா போன்ற கூட்டு முறைகளைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்காமல் இருந்தால், அது கொள்கையின் சட்டையைப் போட்டுக்கொண்ட தயக்கம்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய கடன் கொப்பியைப் பார்ப்பது போல ஒவ்வொரு 'முடியாது' என்பதையும் எடுத்துப் பாருங்கள். இதை எழுதியது யார்? எந்த வருடம் எழுதியது? இன்றும் அது நிலுவையில் உள்ளதா? நிஜமான தடைக்கு ஒரு தொகையோ, ஒரு பத்திரமோ, ஒரு திகதியோ சொல்ல முடியும். மனத்தடைக்கு "அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு விளக்கம் இருக்காது.

சிறிய அடியும் உண்மையான சாட்சியும்

அப்படி ஒடுங்கிக் கிடந்த நாய்களை மீட்டது எது தெரியுமா? கழுத்துப் பட்டியைப் பிடித்து, தடுப்புக்கு அப்பால் பலமுறை இழுத்துக் கொண்டுபோனார்கள். பிறகு அவை தாமாகவே தாண்டின. அனுபவம் போட்ட முடிச்சை இன்னொரு அனுபவம்தான் அவிழ்த்தது. ஆகவே, நட்டம் வந்தாலும் கடையைப் பாதிக்காத அளவில் ஒன்றைச் செய்து பாருங்கள். பத்துக் கிலோ கருவாட்டைப் பொதி செய்து புத்தளத்தில் தெரிந்த ஒரு கடைக்கு அனுப்புங்கள். விற்றதையும் திரும்பி வந்ததையும் எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு கணக்கு. அதை வைத்து முடிவெடுங்கள்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் எல்லாவற்றையும் விட்டு மதீனா வந்தார்கள். ஸஃத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பனூ கைனுகாச் சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். இழந்ததன் அளவுக்கு ஒரு தொடக்கத்தை அவர்கள் தேடவில்லை. கைக்கு எட்டிய சரக்கில் தொடங்கினார்கள்.

அடுத்தவரின் தயக்கத்தைப் போக்க விரும்புகிறவர்கள் கதீஜா (ரலி) அவர்களிடம் கற்க வேண்டும். முதல் வஹீ வந்து நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீடு வந்தபோது, அந்த வர்த்தகப் பெண்மணி வெறும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. உறவைப் பேணுவதையும், பலவீனரின் சுமையைச் சுமப்பதையும், விருந்தினரை உபசரிப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்றார்கள். கண்ட உண்மைகளைச் சாட்சியாக வைத்தார்கள்.

உங்கள் மகனிடமும் கடைப் பையனிடமும் அப்படியே பேசுங்கள். "உன்னால் முடியும்" என்பதோடு நிறுத்தாமல், "போன றமழானில் நீ தனியாகக் கடையைப் பார்த்தாய், கணக்கில் ஒரு ரூபா பிசகவில்லை" என்று சொல்லுங்கள். 1990இல் நமக்கு விழுந்த பாடத்தை 1990ஐக் காணாத பிள்ளைக்குச் சொத்தாகக் கொடுக்க வேண்டாம். அந்த வரலாற்றை அவன் அறிய வேண்டும். அந்தத் தயக்கம் அவனுக்குத் தேவையில்லை.

நமது முயற்சிகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.