புதியவர் முதலில், ஆசிரியர் கடைசியில்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கவிதைப் போட்டி தவறாமல் உண்டு. பரிசு பெற்ற மூவர் மேடை ஏறுவார்கள். மற்றவர்கள் எழுதியது அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே தங்கிவிடும். எழுதிய பிள்ளைகள் அனைவரையும் ஊர் கேட்கும்படி செய்ய என்ன வழி என்று பல ஆண்டுகள் எனக்குத் தெரியவில்லை. அந்த வழி எங்கள் வட்டாரத்திலேயே இருந்தது.

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தமிழோடு உருதும் வழங்குகிறது. உருதுக் கவிஞர்கள் கூடித் தம் கவிதைகளை வாசிக்கும் இரவு அவையே முஷாயிரா. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). அவருடைய தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், வாணியம்பாடியில் 'கவிராத்திரி' என்ற பெயரில் தமிழ்க் கவிதை இரவுகளை நடத்தி இளங்கவிஞர்களை வாசிக்கச் செய்தார்.

முஷாயிராவின் நடைமுறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. பழைய அவைகளில் விளக்கு ஒன்று கைமாறும். அது யார் முன் வைக்கப்படுகிறதோ அவர் வாசிப்பார். இளையவர் முதலில், மூத்தவர் பின்னர், அவைத் தலைவர் கடைசியில். இதனால் புதியவரைத் தேர்ந்த கவிஞரோடு யாரும் ஒப்பிட முடியாது. தம் முறை வரும்வரை மூத்தவர்களும் அமர்ந்து கேட்டாக வேண்டும். நல்ல அடி வந்தால் அவையோர் 'முகர்ரர்' என்பார்கள். 'மீண்டும் சொல்லுங்கள்' என்று பொருள். கவிஞரும் மீண்டும் சொல்வார்.

தமிழிலும் நூல் அவையேறிய பிறகே நூலாக மதிக்கப்பட்டது. தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் குறை நீக்கும் அவை. முஷாயிரா மீண்டும் கேட்கும் அவை. வகுப்பறைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் கேட்பது முதலில், திருத்துவது பிறகு. நாம் பெரும்பாலும் சிவப்பு மையில்தான் தொடங்குகிறோம்.

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஷூ கம்பெனிப் பேருந்துகள் ஊர் திரும்பும் நேரம் பார்த்து, மாலை ஆறரை மணிக்குப் பள்ளி முற்றத்தில் கூடினோம். பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு நிமிடம். நடுவரும் இல்லை, பரிசும் இல்லை. உருது பேசும் வீட்டிலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி, கம்பெனியில் பசை தடவும் தன் தாயின் விரல்களைப் பற்றி எழுதியிருந்தாள். தமிழ் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கூட்டத்திலிருந்து, "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். இரண்டாம் முறை வாசிக்கும்போது, பொருந்தாத ஒரு வரியை அவளே மாற்றிச் சொன்னாள். அதே வரியை நான் இருமுறை அடிக்கோடிட்டும் மாற்றாதவள் அவள்.

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. ஒரு மாணவன் தாளைப் பார்த்தபடி நின்று, வாசிக்காமலேயே திரும்பிவிட்டான். இன்றுவரை அவன் வாசிக்கவில்லை. ஆனால் விளக்கை எடுத்துச் செல்லும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

• இலக்கிய மன்றக் கூட்டம் ஒன்றை மாலைக்கு மாற்றினால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவினரின் துணையோடு எட்டு மணிக்குள் முடித்து, பிள்ளைகளைப் பெற்றோருடன் அனுப்புங்கள்.

• முதன்முறை வாசிப்பவரை முதலில் அழையுங்கள்.

• தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் கதையை வாயால் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.

• அன்றிரவு பிழை சுட்ட வேண்டாம். திங்கட்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து திருத்துங்கள். திருந்திய படைப்பை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கு அனுப்பலாம்.

• கடைசியில் ஆசிரியரும் தாம் எழுதிய ஒன்றை வாசிக்க வேண்டும். அன்று என் கைத்தாள் நடுங்கியது. மேடையில் நிற்கும் பிள்ளையின் பயம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.