'டேங்க்' என்றால் தொட்டியா, கண்மாயா, பீரங்கி வண்டியா? ஒரு சொல்லின் 400 ஆண்டுப் பயணம்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரையாவது நிறுத்தி, "டேங்க் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸைக் காட்டுவார். இல்லையென்றால் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியைக் காட்டுவார். பைக்கில் உட்கார்ந்திருந்தால் பெட்ரோல் டேங்கைத் தட்டிக் காட்டுவார். கவிநாடு கண்மாய் பக்கம் மட்டும் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். ஆனால் ஆங்கில ஆவணங்களிலும் செய்திகளிலும் அந்தப் பரந்த கண்மாயின் பெயர் 'கவிநாடு டேங்க்'தான்.

இதில் தப்பு யாருடையது? யாருடையதும் இல்லை. சொல்தான் இடம் மாறிவிட்டது. அது எப்படி நடந்தது, அதனால் இன்றைக்கு நமக்கு என்ன சிக்கல் என்று பார்ப்போம்.

இந்தியாவில் ஏறிய சொல்

'டேங்க்' ஆங்கிலத்தில் பிறந்த சொல் இல்லை. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து போன ஐரோப்பியர்களின் எழுத்தில்தான் அது ஆங்கிலத்துக்குள் வருகிறது. அப்போது அதற்கு இருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: இந்தியாவில் பாசனத்துக்கும் குடிப்பதற்கும் மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளம், ஏரி.

மூலம் எது என்பதில் சண்டை உண்டு. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் 'டாங்க்கி', 'டாங்க்கே' போன்ற சொற்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், போர்ச்சுகீசிய மொழியில் தேங்கிய நீர்நிலைக்கு 'தாங்க்கே' என்று பெயர். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் இந்தக் குழப்பத்தைப் பேசுகிறது. இரண்டு சொற்களும் கப்பல் துறையில் சந்தித்து ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கலாம் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

17-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பொருள் நகரத் தொடங்கியது. திரவத்தை ஊற்றி வைக்கும் பெரிய பெட்டியும் 'டேங்க்' ஆனது. பிறகு ரயில் எஞ்சினின் தண்ணீர்ப் பெட்டி, மீன் தொட்டி, மோட்டார் வண்டியின் பெட்ரோல் கொள்கலம் என்று வரிசையாக வந்தன. கரை கட்டிய ஏரி, மூடி போட்ட டப்பாவானது இப்படித்தான்.

போருக்குப் போன தண்ணீர்த் தொட்டி

அடுத்த திருப்பம்தான் சுவாரஸ்யம். முதல் உலகப் போரில் பிரிட்டன், பதுங்கு குழிகளைத் தாண்டிப் போகும் கவச வண்டி ஒன்றை ரகசியமாகத் தயாரித்தது. லிங்கன் நகரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை நடந்தது. ராட்சத இரும்புப் பெட்டி மாதிரி இருந்ததைப் பார்த்து யாராவது கேட்டால் என்ன சொல்வது? மெசபடோமியாப் பாலைவனத்துக்கு அனுப்பும் தண்ணீர் வண்டி என்று சொல்லச் சொன்னார்கள். 'வாட்டர் கேரியர்' என்றே பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் அதன் முதலெழுத்துகள் 'டபிள்யூ.சி.', அதாவது கழிப்பறை. எனவே 1915 டிசம்பரில் 'டேங்க்' என்பது முடிவானது.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்முனையில் அந்த வண்டிகள் முதன்முதலாகக் களமிறங்கின. பல வண்டிகள் பழுதாகி வழியிலேயே நின்றன. ரகசியத்துக்காக வைத்த பொய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாம் 'டாங்கி' என்கிறோம். சென்னை ஆவடியில் தயாராகும் 'அர்ஜுன்' வரைக்கும் அந்தப் பெயர்தான். நம் ஊர்க் குளத்துக்கு வைத்த சொல், சுற்றிப் போய், பீரங்கியோடு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது!

சமீப காலத்தில் ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. பங்குச் சந்தை 'டேங்க் ஆச்சு' என்றால் சரிந்தது என்று அர்த்தம். விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பதற்கும் அதே சொல்.

புதுக்கோட்டைக்கு ஒரே சொல் போதுமா?

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. தெற்கு வெள்ளாறும் மழையை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் இங்கே மழைநீரைப் பிடித்து வைக்கும் இடங்களுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு வேலை. வயலுக்குப் பாய்வது கண்மாய். ஊர்ப் பேச்சில் கம்மாய். ஊர் குடிப்பது ஊருணி. அதைவிடச் சின்னப் பாசனத் தேக்கம் ஏந்தல். கோயிலை ஒட்டி தெப்பக்குளம், பாறை இடுக்கில் சுனை. வரத்து வாய்க்கால், மடை, கலிங்கு, குமிழித் தூம்பு என்று உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர். ஆங்கிலேயர்களின் பொதுப்பணித் துறைப் பேச்சில் இதில் பெரும்பாலானவை 'டேங்க்' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் போய் விழுந்தன.

சித்தன்னவாசல் சமணக் குகைக்குப் போனவர்கள், விதானத்தில் தாமரைப் பொய்கை ஓவியத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என நிறைந்திருக்கும் 9-ம் நூற்றாண்டு நீர்நிலை அது. ஆங்கிலத்தில் அதையும் 'லோட்டஸ் டேங்க்' என்று எழுதுபவர்கள் உண்டு.

அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது, ஆங்கிலச் செய்திகளில் புதுக்கோட்டையோடு சேர்ந்து ஓடிய சொல்லும் 'டேங்க்'தான். 2025 ஜனவரியில் அதே பகுதியைச் சேர்ந்த 3 பேர் மீது சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கேட்டார்கள். 1927 மார்ச் 20 அன்று மஹாராஷ்டிராவின் மஹாடில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த பொதுக்குளமும் ஆங்கிலத்தில் 'சவ்தார் டேங்க்'. சொல்லின் பொருள் குளத்திலிருந்து தொட்டிக்கு மாறிவிட்டது. அந்தத் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி மாறவில்லை.

சட்டத்தில் எந்த டேங்க்?

தமிழ்நாட்டில் நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'டேங்க்ஸ்' இருக்கிறது. தொட்டியைப் பாதுகாக்க எதற்குச் சட்டம் என்று இன்றைய மாணவர் கேட்டால் சிரிக்க முடியாது. அங்கே அது 17-ம் நூற்றாண்டுப் பொருளில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதிலும் ஒரு நெளிவு உண்டு. அந்தச் சட்டம் கைவைப்பது பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் இருந்த ஏரி, கண்மாய்களில். பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அவற்றில் ஆக்கிரமிப்பு நடந்தால் 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். ஊர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் கம்மாய்தான். மனு எழுதும்போது மட்டும் வேறு வேறு.

சென்னையில் இந்தக் கதை முடிந்தே போய்விட்டது. 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது. டேங்க் இல்லை, பண்டும் இல்லை.

புதுக்கோட்டைக்காரர்கள் ஒரு விஷயம் செய்யலாம். பழைய ஆங்கிலப் பத்திரத்திலோ நீதிமன்ற உத்தரவிலோ 'டேங்க் பெட்' என்று இருந்தால், அதைத் தொட்டியின் அடிப்பாகம் என்று கடந்து போய்விடாதீர்கள். அது கண்மாயின் உட்பகுதி. அங்கே வீட்டு மனை இருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் சர்வே எண்ணை வைத்து தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அங்கே 'டேங்க்' என்று தேட வேண்டாம். கண்மாய், குளம், ஊருணி, ஏந்தல், வாய்க்கால் என்று அதனதன் பெயரில்தான் இருக்கும்.