கடைக் கம்ப்யூட்டருக்கு 120 ஜிபி பத்துமா?

சூலூரில் அரிசிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: "ஏனுங்க, கடைக் கம்ப்யூட்டர் ஆமையாட்டம் ஓடுது. 120 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டாச் சரியாயிரும்னு பையன் சொல்றான். நம்ம கணக்குக்கு அது பத்துமுங்களா?" நம் உறுப்பினர்கள் பலருக்கும் இதே கேள்வி இருக்கக்கூடும். ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.டி.யில் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போலச் சுழலும் தட்டு கிடையாது. பென் டிரைவில் உள்ளது போன்ற சில்லுகளில்தான் எல்லாம் பதிகிறது. வேகம் கூடும் என்பதில் ஐயமில்லை. கொள்ளளவைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் 120 என்றிருந்தாலும் கம்ப்யூட்டர் 111 என்றே காட்டும். இது எடைக் குறைவு அல்ல. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் ஏறக்குறைய 107 கோடியை ஒரு ஜிபி என்கிறது. முன்பு ஊருக்கு ஊர் படி மாறியது போலத்தான்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி டிஸ்க் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் விதி. என் கடையில் விண்டோஸும் மற்ற புரோகிராம்களும் சேர்ந்து 48 ஜிபி பிடித்துள்ளன. கணக்கு எவ்வளவு என்று பார்த்தபோது எனக்கே வியப்பு. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை முதல் இன்றுவரை உள்ள கொள்முதல், விற்பனை, பேரேடு எல்லாம் சேர்ந்து 2 ஜிபி கூட இல்லை! 1.44 எம்பி பிளாப்பியில் நகல் எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்தவர்கள் நாம். அதுபோல் 80 ஆயிரம் பிளாப்பி இந்த 120 ஜிபியில் அடங்கும்.

பிறகு எப்படி நிறைகிறது? போன வருடம் ஒரு 20-ஆம் தேதி, மாத ரிட்டர்ன் போடக் கடைசி நாள். டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லி, கணக்குப் புரோகிராம் பதிய மறுத்துவிட்டது. எனக்கு டிஸ்க் போட்டுக் கொடுத்தவர், அதில் என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் வந்த சரக்குப் படங்கள், கல்யாண வீடியோ, தினசரி காலை வணக்கம் என்று 40 ஜிபிக்கு மேல். காலை வணக்கத்துக்கு குடோன் வாடகை கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன். அழித்து முடித்து ரிட்டர்ன் போடும்போது இரவு பதினோரு மணி.

கேமராப் பதிவையும் இதில் சேர்க்க நினைப்பவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதியும் ஒரே கேமரா நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். மேலும் எஸ்.எஸ்.டி.யின் சில்லில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு. கேமராவுக்குத் தனி ரெக்கார்டரும் அதற்கான ஹார்ட் டிஸ்க்குமே சரி.

என்னைக் கேட்டால், இடத்தை விட நகல்தான் பெரிய விஷயம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். அதாவது 2023-24 கணக்கு 2030 டிசம்பர் முடிய நம் கையில் இருக்க வேண்டும். வழக்கு நடந்தால் இன்னும் கூடும். ஹார்ட் டிஸ்க் கெடுமுன் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் காட்டும். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடும்; அதிலிருந்து கணக்கை மீட்பதும் சிரமம். ஆகவே வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், ஆடிட்டரிடம் அல்லது வீட்டில் இன்னொன்று. நகலுக்கும் எஸ்.எஸ்.டி.யையே வாங்கிப் பீரோவில் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். மின்சாரமே காணாமல் கிடந்தால் பதிவு அழியக்கூடும்.

நண்பரிடம், வாங்குமுன் சி டிரைவில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். 71 என்றார். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். அப்டேட்டுக்கும் இடம் வேண்டும். 120 இன்றைக்குப் பத்தும், இரண்டு வருடத்தில் இறுக்கும் என்றேன். 240 வாங்கிப் போட்டுக்கொண்டார். பழைய டிஸ்க்கை எடைக்குப் போடப் போனவரைத் தடுத்து நிறுத்தினேன். எட்டு வருடக் கணக்கும் பார்ட்டிகளின் விவரமும் அப்படியே அதில் இருந்தன.