வீடே முதற் கோவில்

யுத்த காலத்தில் சாம்பல்தீவு, நிலாவெளிப் பகுதிகளில் வாழ்ந்த விவசாயக் குடும்பங்கள் பல, ஒரு தடவைக்கு மேல் இடம்பெயர நேர்ந்தது. வயலும் தோட்டமும் மாடு கன்றும் போனதுபோல, கோவிலும் மறைக்கல்வி வகுப்பும் கைவிட்டுப் போயின. இவ்வாறு ஊரிழந்த பெற்றோர் பலர், “முதலில் ஒரு நிலைக்கு வருவோம். பிள்ளைகளுக்குச் செபம் தந்திரம் பிறகு சொல்லிக் கொடுக்கலாம்தானே?” என்று எண்ணுவதுண்டு. அப்படிப் பிற்போடலாமா? எமது நாட்டுத் திருச்சபையின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

குருவானவர் இல்லாத காலம்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு மறைவிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை எனச் சட்டம் வந்தது. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையிடம் சென்றன. பிள்ளைகளும் அச்சபையின் பாடசாலைகளுக்கே போக வேண்டியிருந்தது.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆகவே கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டவர்களின் முகக்குறிப்பைக் கொண்டே விசுவாசிகளை இனங்கண்டார் என்பர். பின்னர் சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

சற்று எண்ணிப் பாருங்கள். 1658இல் பிறந்த குழந்தைக்கு 1687இல் வயது 29. தானே பெற்றோராகிவிடும் வயது. அந்தத் தலைமுறைக்குச் செபமாலையின் பொருளைச் சொல்லிக் கொடுத்தது யார்? கோவில் இல்லை, குரு இல்லை. தாய் தகப்பனும் பாட்டன் பாட்டியுமே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

சிறுவயதில் ஏன்?

குழந்தை முதலில் கருத்தைக் கற்பதில்லை, செயலையே கற்கிறது. அம்மம்மா சிலுவை அடையாளம் இடும்போது தானும் கையைத் தூக்குகிறது. பொருள் பின்னால் வருகிறது. நாளாந்தம் ஒரே நேரத்தில், அன்பானவர்களின் அருகில் இருந்து செய்தது உடம்போடும் மனதோடும் ஒட்டிக்கொள்கிறது. மேலும், பெற்றோரின் சொல்லை நம்பிப் பழகிய பிள்ளைக்கே காணாத கடவுளை நம்புவதும் எளிதாகின்றது.

மிளகாய் நாற்றை மேடையில் நாள் கடத்தி வைத்து, பிறகு நட்டால் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைப் பருவமும் ஊர் திரும்பும் நாள் வரை காத்திருப்பதில்லை.

ஆயினும் வளர்ப்பு ஒரு கட்டாயப் பத்திரம் அல்ல. புனித அகுஸ்தீனார் தாய் மோனிக்காவிடம் சிறுவயதிலேயே கிறிஸ்துவின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர். இளமையில் வேறு வழி சென்றார். கி.பி. 387இல், 32ஆவது வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றார். தாய் விதைத்தது பிந்தியே முளைத்தது. எனவே விலகிப் போன பிள்ளையைச் சபித்துத் தள்ளாதீர்கள்.

பிள்ளை கேட்கும் கேள்வி

“கடவுள் ஏன் எங்கட வீட்டை எரிய விட்டவர்?” என்று பிள்ளை கேட்கலாம். “வாயை மூடு” என்று அடக்குவதும், “எங்கட பாவத்துக்குத் தண்டனை” என்று சொல்வதும் பிள்ளையின் உள்ளத்தில் பயத்தையே விதைக்கும். “எனக்கும் தெரியாது, மகன். வீட்டை எரித்தது மனிதர். அழுகிற எங்களோடுதான் கடவுள் இருக்கிறார்” என்று சொல்லலாம். யோபுவும் கடவுளிடம் கேள்வி கேட்டவர்தான்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. கொட்டிலாயினும், வாடகை அறையாயினும், இரவு உணவுக்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக இருந்து செபியுங்கள். நீண்ட செபம் வேண்டாம்; நாள் தவறாமை வேண்டும்.

2. தகப்பனும் அதில் இருக்க வேண்டும். தாய்க்கு மட்டும் உரிய வேலை எனப் பிள்ளை எண்ணிவிடக் கூடாது.

3. பாட்டன் பாட்டியைக் கொண்டு வேதாகமக் கதைகளையும், ஊர்க் கோவில் திருநாள் நினைவுகளையும் சொல்லச் செய்யுங்கள்.

4. செபத்துக்கு வரவில்லை என்று அடிக்காதீர்கள். அடியோடு சேர்ந்த செபம் கசந்துபோகும்.

5. கிடைத்த அரிசியில் ஒரு பிடியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது, பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டார் சைவராயினும் முஸ்லிம்களாயினும் அவர்களை மரியாதையாகப் பேசுங்கள். செபித்து எழுந்த வாய் அயலவரை ஏசினால், பிள்ளை ஏச்சையே கற்கும்.

அன்பான பெற்றோரே, காணிக்கு உறுதி தேட வேண்டியிருக்கலாம், வீட்டுக்குக் கூரை தேட வேண்டியிருக்கலாம். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய இந்தச் சொத்துக்கு எவரது கையொப்பமும் தேவையில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.